பன்னிரண்டு மாடுகளின் மேல் அப்பா

அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து நான் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையில் அவர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உயிரோடிருந்தபோது கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும், அந்தப் பதிலை அச்சில் போட முடியாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவிடமும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். அக்கா உயிரோடுதான் இருந்தாள், கையில் தொலைபேசியும் வைத்திருந்தாள்.

இதை ஒருமுறை அலுவலகத்தில் உளறிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "பொணத்தத் தோண்டி எடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை. மார்மன் சபையில் இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் முழுகலாம். இறந்தவரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறந்த தேதி, இவை சரியாக இருந்தால் போதும். மறு உலகில் இருக்கும் அவர் அதை ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. எனக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் என் சிக்கல்.

நான் எப்படி அந்தச் சபைக்குப் போனேன் என்பதற்குப் பெரிய ஆன்மிகக் காரணம் எதுவும் இல்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. கோல சிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தேன். மதியம் இரண்டு மணி வெயிலில் என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிளின் சங்கிலி கழன்றது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, வியர்வையில் முங்கிய இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். சட்டைப் பையின் மேல் பெயர்ப்பட்டை, அதில் 'மூப்பர்' என்று அர்த்தம் வரும் ஆங்கிலச் சொல். மூப்பர்களுக்கு வயது பத்தொன்பது. ஒருவர் முகத்தில் பரு இருந்தது.

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன். மிகவும் பணிவாக வேண்டாம் என்றார்கள். கோப்பி? அதுவும் வேண்டாம். எங்கள் மதத்தில் இரண்டும் கூடாது என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் தே வேண்டாமென்று சொன்ன மனிதனை நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு சிரமமான கொள்கை உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நொடியே நினைத்தேன். நிறையப் புத்தகம் படித்தவர்கள்தான் இப்படி நினைப்பார்கள். படிக்காதவர்கள், "பாவம், வயித்துக்குச் சேரல போல" என்று விட்டுவிடுவார்கள்.

ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டேன். சபை ஒரு கடைவீட்டு மாடியில் கூடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முப்பது பேர், சில சமயம் பதினெட்டு. என்னைப் பேசச் சொன்னார்கள். நில அலுவலகத்தில் பத்து வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவனிடம், பத்திரத்தில் ஓர் எழுத்து தவறினாலும் திருப்பி அனுப்புகிறவனிடம், அதுவரை யாரும் எதையும் பேசச் சொன்னதில்லை. நல்ல மனிதர்கள். நான் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டார்கள். அங்கே நான் கடவுளைக் கண்டேனா, கேட்பவர்களைக் கண்டேனா என்பது இப்போது குழப்பமாக இருக்கிறது. என் மனைவி சேரவும் இல்லை, விலகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்கினாள்.

அப்பா அப்போது ஓய்வு பெற்று அக்கா வீட்டில், கெர்லிங்கில் இருந்தார். செய்தியைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். வீட்டுக்கு வருகிற ஆளுக்குத் தேயும் இல்லை, கோப்பியும் இல்லை என்றால் என்ன கொடுப்பாய்? பார்லித் தண்ணீர் என்றேன். அன்று முதல் இறக்கும் வரை நான் அவருக்குப் 'பார்லிக்காரன்'. "பார்லிக்காரன் வந்துட்டான், கோப்பிய மறைச்சு வையி" என்பார்.

அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். வெட்டிய குலைகளை உள்பாதையிலிருந்து ரோட்டுக்குக் கொண்டு வருவது வேலை. டிராக்டர் வந்த பிறகும் அவர் பேச்சில் மாடுகள்தான் வரும். அவரைப் பற்றி இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, அவருக்கு இரண்டு பெயர். அடையாள அட்டையில், எங்கள் பேச்சில் ஐசியில், நீளமான ஒரு சாமி பெயர். வீட்டிலும் லயத்தின் வரிசை வீடுகளிலும் இரண்டெழுத்துப் பெயர். எஸ்டேட்டில் இது சாதாரணம். கூப்பிடுகிற பெயர் ஒன்று, சம்பள நாளில் மட்டும் வெளியே வருகிற பெயர் இன்னொன்று. இரண்டாவது, வயது கேட்டால் அப்பா, "ஐசியில இருக்கிறதுல ரெண்ட கழிச்சுக்கோ" என்பார். இளமையாகத் தெரிய ஆசைப்படுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

அவர் இறந்து ஓராண்டு ஆனதும் சபையில் ஒரு சகோதரி மெதுவாக எடுத்துச் சொன்னார். அப்பா இப்போது கதவுக்கு வெளியே காத்திருக்கலாம், திறந்துவிட நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றார். அதைக் கேட்டு நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா எங்கேயும் காத்திருக்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் எண் கூப்பிடும் வரை உட்காரமாட்டார், வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை நான் காக்க வைப்பதா? அவருடைய ஐசியை எடுத்தேன், இறப்புப் பத்திரத்தை எடுத்தேன். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். அச்சு அசலாகப் பொருந்தியது. என் உத்தியோக வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமான ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

சபையார் பதினொரு பேராக ஹாங்காங்கிலிருந்த ஆலயத்துக்குப் போனோம். உள்ளே நடப்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. விலகிய பிறகும் சில விஷயங்களில் வாயை மூடிக்கொள்வது மரியாதை. ஆனால் தொட்டியைப் பற்றிச் சொல்லலாம், அதன் படம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டியைப் பன்னிரண்டு மாடுகளின் முதுகில் வைத்திருந்தார்கள். சிலைகள்தான். வட்டமாக நின்று, வெளிப்பக்கம் பார்க்கும் பன்னிரண்டு மாடுகள். வெள்ளை உடையில் படியேறும்போது அவற்றைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஒரு ஜோடி மாட்டின் பின்னால் நடந்த மனிதர், கடைசியில் பன்னிரண்டு மாட்டின் மேல் ஏறுகிறார் என்று தோன்றியது. அதே நேரம் அப்பாவின் குரலும் காதில் கேட்டது: 'பன்னண்டு மாடா? தீனி யாரு போடுறா?'

அழுதேனா சிரித்தேனா என்று அன்றும் தெரியவில்லை. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. ஒரு வெள்ளைக்காரச் சகோதரர் அப்பாவின் நீளமான பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். நான் முழுகி எழுந்தேன். எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். ஊருக்குத் திரும்பி அக்காவுக்கு ஹாங்காங் பிஸ்கட் ஒரு டின் கொடுத்தேன். வேறு எதையும் சொல்லவில்லை.

அந்த வருடம்தான், நினைவுநாளுக்கு அக்கா முதல் தடவை என்னைக் கூப்பிடாமல் விட்டாள். முந்தின வருடம் கூப்பிட்டபோது என் மதத்தில் வழக்கமில்லை என்று பெரிய மனிதன் போலச் சொல்லியிருந்தேன். அவள் தானே இலை போட்டாள். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஒரு போத்தல் கறுப்பு பீர், ஒரு கப் கோப்பி. அதன் பின் இருபது வருடமும் அவள்தான். ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது மட்டும் மகன் செய்ய வேண்டியது என்பதால், அது நடக்கவே இல்லை.

நான் வெளியே வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். சண்டை இல்லை, யாரும் எனக்குக் கெடுதல் செய்யவும் இல்லை. ஒரு வினைச்சொல்தான் காரணம். மாதத்தின் முதல் ஞாயிறு உறுப்பினர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். வாக்கியம் எப்போதும் ஒரே மாதிரி முடியும்: 'இது உண்மை என்று எனக்குத் தெரியும்.' நானும் பதினெட்டு வருடம் அப்படித்தான் முடித்தேன். ஒரு ஞாயிறு 'எனக்கு' வரை வந்துவிட்டது, 'தெரியும்' வரவில்லை. கிராணி புத்தி. எந்தப் பத்திரத்தை வைத்துத் தெரியும் என்கிறாய் என்று உள்ளே யாரோ கேட்டார்கள். 'நம்புகிறேன்' என்று முடித்து உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் 'தோன்றுகிறது' ஆனது. ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கடுத்த வருடம் 'இருக்கலாம்' என்றேன். கூட்டம் முடிந்ததும் கிளைத் தலைவர் தோளில் கை வைத்து, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று அன்பாகக் கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வினைமுற்றுதான் கழன்றுவிட்டது.

விலகுவதற்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். பெயர் நீக்கப்பட்டது என்று பதிலும் வந்தது. அதைக் கோப்பில் வைத்த அன்று சாயங்காலம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். சுதந்திர மனிதனாக ஒரு தே குடிப்பது என்று திட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் பார்லியைக் கொண்டு வந்து வைத்துவிட்டார். இருபது வருடப் பழக்கம். குடித்துவிட்டு வந்தேன். தே குடிக்க இன்னும் நான்கு மாதம் ஆனது. குடித்தபோது, யாரோ பார்க்கிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்க்கிறவர் இல்லை என்று கடிதம் எழுதி முடிவு செய்தவன் நான்தான்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நான் வெளியே வந்துவிட்டேன், அப்பா? என் பெயரை எடுத்தார்கள், அவருடையது அங்கேயே இருக்கிறது. நானாக இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டு, நான் மட்டும் பின்பக்கமாக இறங்கி வந்திருக்கிறேன். அங்கே கோப்பி கிடையாது. பேச ஆள் கிடையாது, எல்லோரும் ஆங்கிலம். அந்த ஞானஸ்நானத்தில் எதுவும் இல்லை என்று நினைக்கிறவன் இப்படிக் கவலைப்படக்கூடாது. அதில் ஏதோ இருக்கிறது என்றால் நான் விலகியிருக்கக்கூடாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு நான் தினமும் அலுவலகம் போய் மற்றவர்களின் பத்திரங்களில் தவறு கண்டுபிடித்தேன்.

போன ஆடி மாதம் பிறந்ததும் அக்கா கூப்பிட்டாள். என் மனைவி எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"வெளிய வந்துட்டியாமே?"

"ஆமாக்கா."

"அப்ப அமாவாசைக்கு வந்து அப்பாவுக்குத் தண்ணி எறச்சிரு. எனக்கும் அறுபதாச்சு. நான் இருக்கும்போதே நீ ஒரு தடவ செஞ்சிட்டா போதும்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்கா கேட்டது ஒரே ஒரு காரியம். அதைச் செய்வதற்கு முன் நான் அப்பாவை என்ன செய்தேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், இருபது வருடம் இலை போட்டவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாமல் போய் ஆற்றில் நின்று அப்பாவைக் கூப்பிட்டால், அது நான் மேசையில் பிடித்துத் திருப்பி அனுப்பும் மோசடிப் பத்திரங்களின் வகையில் சேரும். சொல்வது என்று முடிவு செய்தேன். தைரியம் வராததால் அவள் வீட்டுக்குப் போவதற்கு முதல் நாளே, வயல் ஊரான செகிஞ்சான் போய்ப் பத்துக் கிலோ புது அரிசி வாங்கினேன். லஞ்சம்.

அக்கா வீட்டில் அத்தையும் இருக்கிறார். அப்பாவின் தங்கை. அக்கா அத்தை மகனையே கட்டிக்கொண்டதால் அத்தைதான் மாமியார். எண்பதை நெருங்குகிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி நாடகத்தை முழுச் சத்தத்தில் வைத்து, அதில் வரும் மாமியார்களைத் திட்டுவது அவருடைய பகல்நேர வேலை. நான் போனபோது அக்கா தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அரிசியை வைத்தேன். எதிரே உட்கார்ந்து நானும் கிள்ள ஆரம்பித்தேன். பத்து மீன் ஆனதும் சொன்னேன்.

"அக்கா, அப்பாவ நான் சபையில சேத்துட்டேன்."

"எப்ப? ஆஸ்பத்திரியில இருக்கும்போதா?"

"இல்லக்கா. செத்ததுக்கு அப்புறம்."

கிள்ளிய தலை அவள் விரலிலேயே இருந்தது. நான் ஹாங்காங், தொட்டி, வெள்ளை உடுப்பு, மாடுகள் எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னால் வலிக்காது என்று நினைத்து வேகமாகச் சொன்னேன். பிஸ்கட் டின்னையும் விடவில்லை. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்தே கேட்டாள்.

"இருவது வருஷமா எல போட்டு, கதவத் தொறந்து வச்சு, வாங்கப்பான்னு கூப்புடுறேன். அப்ப நான் யாருக்குடா போட்டேன்?"

இறந்தவர் ஞானஸ்நானத்தை மறுக்கலாம் என்ற விதியைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சபையில் இருந்தபோது அதை அரை மணி நேரம் அழகாக விளக்கியிருக்கிறேன். அக்காவின் முன்னால், நெத்திலி நாற்றத்தில், அது வாயிலிருந்து வரவில்லை. அவள் எழுந்து குசினிக்குள் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அத்தை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மருமவனே, எந்தப் பேருல முக்குன?"

"ஐசி பேருலதான் அத்தை. பொறந்த தேதி எல்லாம் சரியா குடுத்தேன்."

அத்தை சிரித்தார். பல்செட் போடாத சிரிப்பு, சத்தம் இல்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது. "அது ஒங்கப்பன் இல்லடா," என்றார். "அது ஒங்க பெரியப்பன்."

எனக்குப் பெரியப்பா யாரும் கிடையாது. அப்பாதான் மூத்தவர். அப்படித்தான் ஐம்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். அத்தை தன் அம்மா சொல்லிக் கேட்டதைச் சொன்னார். அப்பாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எஸ்டேட் கிராணி டவுனுக்குப் போய் முறையாகப் பதிந்து, நீளமான சாமி பெயரில் சூராட்டு, அதாவது பிறப்புப் பத்திரம், வாங்கி வந்து கொடுத்தார். குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்து அப்பா பிறந்தபோது ஜப்பான்காரன் வந்த நேரம். டவுனில் எந்த அலுவலகம் திறந்திருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்த பிறகு பதிவுக்குப் பிள்ளைகளின் பெயர் கேட்டு வந்தபோது, பெட்டியில் ஒரு சூராட்டு சும்மாதானே கிடக்கிறது, எதற்கு இன்னொன்று என்று தாத்தா அதையே நீட்டிவிட்டார். கிராணியும் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு ஒரு நடை மிச்சம். இரண்டெழுத்துப் பெயர்தான் அப்பாவுக்கு வைத்த பெயர். ஐசி பெயர், செத்த அண்ணனுடையது.

"அதான் எப்பவும் ரெண்ட கழிச்சுக்கோன்னு சொல்லுவான்," என்றார் அத்தை. "ரெண்டு வருஷம் முன்னாடியே வேலைய விட்டு வந்தான்ல. அண்ணன் கணக்குல ஓய்வு."

குசினி வாசலில் அக்கா நின்றிருந்தாள். கை ஈரமாக இருந்தது.

"அப்ப அப்பா அங்க போகல?"

"அவன் எங்கடி போவான்? கோப்பி எங்கன்னு கேட்டு ஒன் எலயிலதான் ஒக்காந்து தின்னுருப்பான்."

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். வந்து உட்கார்ந்து மறுபடி நெத்திலியை எடுத்தாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதி என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு மீன் கழித்து அவளுக்கு இன்னொன்று தோன்றியது.

"அந்தப் புள்ள? அதப் புடிச்சு முக்கிட்டியே. அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எட்டு வயசுக்கு முன்னாடி செத்த புள்ளைங்களுக்கு ஞானஸ்நானமே தேவையில்லக்கா. அதுங்க சுத்தம்னு அவங்க சட்டம்."

"அப்ப சும்மாவா ஹாங்காங் வரைக்கும் போன?"

சும்மாதான் போயிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். கோல குபு பாரு தாண்டி, பனைத்தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஓட்டியபடி, எனக்கு நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. அப்பாவை நான் உள்ளே தள்ளவே இல்லை. நல்லது. அப்படியானால், சபை உண்மையாக இருந்தால், அவர் இருபது வருடமாகக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அதுவும் நல்லதா? சபை உண்மையில்லை என்றுதானே நீ வெளியே வந்தாய்? ஆமாம். பின் ஏன் கதவைப் பற்றிப் பேசுகிறாய்? தெரியாது. இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பனைக்குலை லோரியின் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தேன், முந்துவது நினைவுக்கே வரவில்லை.

அந்தக் குழந்தையும் நினைவில் வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதம்தான் வாழ்ந்தவர். ஆனால் காகிதத்தில் பார்த்தால் பள்ளிக்கூடம் போயிருக்கிறார், மாட்டுவண்டி ஓட்டியிருக்கிறார், கல்யாணம் செய்திருக்கிறார், என்னைப் பெற்றிருக்கிறார், ஓய்வு பெற்று அறுபத்தாறு வயதில் இறந்திருக்கிறார். இறந்த பிறகு மார்மன் ஆகியிருக்கிறார். எங்கள் குடும்பத்திலேயே நிறைவாக வாழ்ந்தவர் அவர்தான். என் அடையாள அட்டையில் அப்பா என்ற இடத்தில் இருப்பதும் அவர் பெயர்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று பெருமைப்பட்டேனே, பொருந்தாமல் என்ன செய்யும்? இரண்டுமே அவருடைய பத்திரங்கள்.

ஆடி அமாவாசை காலையில் கோல குபு பாருவுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். வெள்ளை வேட்டி கட்டி வரச் சொல்லியிருந்தாள் அக்கா. வேட்டி அத்தானுடையது, இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டேன். மேல்சட்டை சபைக்குப் போட்டுப் போனது. என்னிடம் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அத்தை காரை விட்டு இறங்கவில்லை, முன் சீட்டில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஐயர் எட்டுப் பேரை வரிசையாக உட்கார வைத்து, ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் நடத்தினார். என் முறை வந்ததும் குனிந்து கேட்டார்.

"அப்பா பேரு?"

இருபது வருடமாக எழுதிப் பழகிய நீளமான பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டெழுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்தப் பெயரை என் குரலில் நானே கேட்டதில்லை. பின்னால் அக்கா நிற்கிறாள் என்று தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் தெரியும். ஐயருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

"சார், அப்பா பேரு தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

அந்த வினைச்சொல் என் வாயிலிருந்து வந்து பல வருடம் ஆகியிருந்தது. இரண்டெழுத்தையும் சொன்னேன். ஐயர் அதை மந்திரத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னார், நான் திரும்பச் சொல்லி எள்ளோடு தண்ணீரை விட்டேன். முதுகுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சினாள். தாத்தா பெயர் கேட்டார், சொன்னேன். வேறு யாராவது உண்டா என்று கேட்டார். இருக்கிறார், பெரியப்பா ஒருவர் என்று சொல்லி, நீளமான பெயரைக் கொடுத்தேன். அவருக்கும் ஒரு கை தண்ணீர் விட்டுவிட வேண்டும் என்று ஆசை. இத்தனை வருடம் அவர் பெயரில் பிழைத்த குடும்பம்.

"எத்தன வயசுல தவறினாரு?"

"எட்டு மாசம்."

ஐயர் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தார். பச்சைக் குழந்தைக்கு எள்ளுத் தண்ணீர் கிடையாது, அது தெய்வத்தோடு சேர்ந்தது, அதற்கு எதுவும் தேவையில்லை என்றார். இதையே இன்னொரு மொழியில், இன்னொரு ஊரில், வெள்ளைச் சட்டை போட்டவர்களும் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த இரண்டு இடமும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், என் பெரியப்பாவுக்கு என் உதவி வேண்டாம் என்பதுதான்.

கடைசியில் ஆற்றில் மூன்று முறை முழுகச் சொன்னார். மலையிலிருந்து வரும் தண்ணீர், பல் கிட்டியது. ஹாங்காங் தொட்டி இளஞ்சூடாக இருந்தது என்று ஒரு கணம் நினைத்து, அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டேன். மூன்றாவது முறை எழுந்தபோது காதுக்குள் தண்ணீர் அடைத்துக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஏதாவது உணர்கிறேனா என்று பார்த்தேன். குளிர்ந்தது. அதைத் தவிர, அப்பா வந்தாரா, போனாரா, இருக்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. 'தெரியும்' அவர் பெயரோடு நின்றுவிட்டது.

கரையில் அக்கா துண்டோடு நின்றாள். கையில் கொடுக்காமல், சின்ன வயதில் லயத்துப் பொதுக்குழாயடியில் செய்ததுபோல் என் தலையைப் பிடித்து அவளே முரட்டுத்தனமாகத் துவட்டினாள். கழுத்து ஒருபக்கம் சுளுக்கிக்கொண்டது. "போதும்டா," என்றாள்.

வேட்டி சொட்டச் சொட்ட கார் அருகே வந்தேன். அத்தை என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"முழுகுனியா?"

"மூணு தடவ அத்தை."

"எங்கண்ணனுக்குத் தண்ணின்னாலே ஆகாது," என்றார் அத்தை. "குளிக்க வைக்க எங்கம்மா லயத்தச் சுத்தி வெரட்டும். நீ என்னடான்னா அவனச் சொல்லிச் சொல்லி ஊரு ஊரா முங்கிக்கிட்டுத் திரியுற. ஏறு, சீட்டுல துணியப் போட்டு ஒக்காரு."